கார்னீலியா சொராப்ஜியை முன்மாதிரியாக வைத்து எழுதும் கிறிஸ்தவ வரலாற்று நாவலில் கறுப்பு அங்கியும் ஞானஸ்நானமும் பொருந்துமா?

கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சபையில் பெண்கள் கூட்டத்தில் படிக்கக் கொடுக்கும்படியான ஒரு வரலாற்று நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நாயகி, இந்தியாவின் ஆரம்பகாலப் பெண் வழக்கறிஞரான கார்னீலியா சொராப்ஜியை மனதில் வைத்து உருவாக்கிய ஒரு கிறிஸ்தவப் பெண். ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்துவிட்டு வந்து, 1895ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கியோடு நிற்கிறாள். பிள்ளையில்லாத ஒரு ஜமீன் விதவையிடம் கைநாட்டு வாங்கிச் சொத்தையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்ட கொழுந்தனை வாதத்தில் மடக்குகிறாள். நீதிபதி மனம் உருகுகிறார். கடைசி அத்தியாயத்தில் அந்த விதவை ஞானஸ்நானம் பெறுகிறாள். அங்கி சரியா, வருஷம் சரியா, வேறு எதைத் திருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கியையும் வருஷத்தையும் இரண்டே வரியில் திருத்திவிடலாம். ஆனால் அவற்றைத் திருத்தினால் நீதிமன்றக் காட்சி, ஞானஸ்நானக் காட்சி என்ற உங்கள் கதையின் இரண்டு தூண்களும் ஆடிப்போகும். ஆகவே அந்த இரண்டும் இல்லாமல் இப்படி ஒரு பெண்ணைப் பற்றி எழுத முடியுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும். இதைவிட நல்ல கதையே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். பாகப்பிரிவினை, தத்து, உயில் தகராறு என்று 28 வருஷம் ஓடிவிட்டது. பிரிட்டிஷ் காலத்தில் இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் பழைய தீர்ப்புகளைப் படிப்பது தொழிலுக்காகத் தொடங்கி, அப்புறம் பைத்தியமாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவன்தான், ஆனால் வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை, நாவலும் எழுதியதில்லை. ஆகவே சட்டத்தைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கதையைப் பற்றிச் சொல்வதை ஒரு வாசகனின் ஆசையாக வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் வாழ்க்கை. கார்னீலியா 1866 நவம்பர் 15 அன்று நாசிக்கில் பிறந்தார். அப்பா சொராப்ஜி கர்செட்ஜி, இளவயதிலேயே கிறிஸ்தவரான பார்சி, பிற்பாடு போதகர். பம்பாய்ப் பார்சிகள் மதமாற்றத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு சான்று: 1839ல் இரண்டு பார்சி இளைஞர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, அவர்களில் ஒருவரைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி ஆட்கொணர்வு மனுவே போட்டார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் தன் சொந்தங்களை இழந்து வந்தவர் அந்த அப்பா. அம்மா ஃபிரான்சினா, ஓர் ஆங்கிலத் தம்பதி எடுத்து வளர்த்த பெண். பூனாவில் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். கார்னீலியா டெக்கான் கல்லூரியில் படித்து, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி ஆனார். முதல் வகுப்பில் தேறியவருக்கு இங்கிலாந்து போய்ப் படிக்க அரசு உதவித்தொகை கிடைத்திருக்க வேண்டும். பெண் என்பதால் கொடுக்கவில்லை. கொஞ்ச காலம் அகமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்தினார். பிறகு லேடி ஹாப்ஹவுஸ் முன்னின்று பணம் திரட்ட, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் போன்றவர்களும் கொடுக்க, 1889ல் ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில்லுக்குப் போனார். 1892ல் பல்கலைக்கழகம் தனி ஆணை நிறைவேற்றி அவரைச் சிவில் சட்டத் தேர்வு எழுத அனுமதித்தது. அந்தத் தேர்வை எழுதிய முதல் பெண் அவர்தான். தேறியும் பட்டம் கைக்கு வரவில்லை; ஆக்ஸ்ஃபோர்டு அப்போது பெண்களுக்குப் பட்டமே கொடுப்பதில்லை. அது வந்தது 1922ல். முப்பது வருஷக் காத்திருப்பு.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் நாயகி 1895ல் ஊர் திரும்பும்போது அவள் கையில் இருப்பது படிப்பு மட்டும்தான். பட்டமும் இல்லை, வழக்காடும் உரிமையும் இல்லை. 1879ஆம் வருஷத்துச் சட்டத் தொழில் செய்வோர் சட்டத்தில் 'நபர்' என்றுதான் இருந்தது, 'ஆண்' என்று எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அந்த நபர் ஆணாகத்தான் இருக்க முடியும் என்பது நீதிமன்றங்களின் எண்ணம். 1916ல் ரெஜினா குஹா என்ற பெண் கல்கத்தாவில் இதைத் துணிந்து கேட்டுப் பார்த்தார். உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அடுத்து சுதாம்சுபாலா ஹஸ்ரா பாட்னாவில் கேட்டார். அங்கேயும் அதே பதில். 1921ல் அலகாபாத் உயர் நீதிமன்றம்தான் முதலில் கதவைத் திறந்து, கார்னீலியாவையே வக்கீலாகப் பதிவு செய்தது. 1923ல் மத்தியச் சட்டம் வந்த பிறகே நாடு முழுக்க அந்தத் தடை நீங்கியது. ஆக, கல்கத்தாவில் கறுப்பு அங்கி என்பது 1920களுக்கு முன்னால் நடக்காத காரியம். அங்கி கிடைத்த காலத்தில் அவருக்கு வயது 57 ஆகியிருந்தது. அப்போதும் கல்கத்தா வழக்கறிஞர்கள் அவரை விரும்பி வரவேற்கவில்லை. நின்று வாதாடுவதைவிட உட்கார்ந்து சட்டக் கருத்து எழுதிக் கொடுக்கும் வேலைதான் அதிகம் வந்தது.

சரி, அப்படியானால் 1890களில் அவர் எந்தக் கோர்ட்டிலும் நிற்கவே இல்லையா என்று கேட்பீர்கள். நின்றார். இரண்டு சந்துகள் இருந்தன. ஒன்று, சமஸ்தானங்கள். கத்தியவார், இந்தூர் பக்கத்து நீதிமன்றங்களுக்கு உயர் நீதிமன்றப் பதிவேடு செல்லாது. அங்கே தனியாக சன்னது, அதாவது வழக்காடும் அனுமதி, வாங்கிக்கொண்டு வாதாடினார். இன்னொன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டம். குற்றம் சாட்டப்பட்டவருக்காக நீதிமன்றத்தின் அனுமதியோடு வக்கீல் அல்லாத ஒருவரும் பேசலாம் என்று அதில் வழி இருந்தது. 1896ல் பூனாவில் ஒரு கொலை வழக்கில் அவர் குற்றம் சாட்டப்பட்டவருக்காக நின்றது அப்படித்தான். இதற்கு நடுவில் 1897ல் பம்பாயில் சட்டப் பட்டம், 1899ல் அலகாபாத்தில் பிளீடர் தேர்வு என்று ஒவ்வொன்றாகத் தேறிக்கொண்டே இருந்தார். தேறியும் உள்ளே விடவில்லை. நீதிமன்றக் காட்சி கட்டாயம் வேண்டுமென்றால், இந்தப் பூனா மாதிரி ஒன்றை முதல் பாகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கி வேண்டாம், புடவைதான். அவருடைய படங்களில் பார்சி முறையில் தலைமேல் இழுத்துவிட்ட பட்டுப் புடவையைப் பார்க்கலாம். அந்தக் காலக் கோர்ட்டு ஹாலில் அந்தப் புடவையே போதிய அதிர்ச்சி.

ஆனால் உங்கள் ஜமீன் விதவைக்கு அங்கே இடமில்லை. அவளுக்கான இடம் வங்காளம், அவளுக்கான காலம் 1904க்குப் பிறகு. அந்த வருஷம்தான் வங்காள அரசு கார்னீலியாவை கோர்ட் ஆஃப் வார்ட்ஸுக்குப் பெண் உதவியாளராக நியமித்தது. பெயரைப் பார்த்து இது ஏதோ நீதிமன்றம் என்று நினைத்துவிடாதீர்கள், நிறையப் பேர் அப்படி எழுதிவிடுகிறார்கள். வாரிசு சிறு பையனாகவோ, நிர்வாகம் செய்யத் தகுதியற்றவர் என்று அரசு முடிவு செய்த பெண்ணாகவோ இருந்தால், ஜமீனைக் கலெக்டர் வழியாக அரசே எடுத்து நடத்தும் ஏற்பாடு அது. 1879ஆம் வருஷத்து வங்காளச் சட்டப்படி நடந்தது. நம் பக்கத்து ஜமீன்களிலும் இதே ஏற்பாடு உண்டு. பழைய ஆட்கள் 'கோர்ட்டாப் வார்டு' என்றே ஒரே சொல்லாகச் சொல்வார்கள். கார்னீலியா இந்த வேலைக்காக 1902 முதலே லண்டன் இந்தியா அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். பிறகு வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் என்று அவருடைய எல்லை விரிந்தது. ரயில், படகு, பல்லக்கு, சில இடங்களில் யானை. இருபது வருஷத்துக்குள் 600 பேருக்கு மேல், பெண்களும் குழந்தைகளுமாக, அவர் உதவியைப் பெற்றிருப்பார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. மதிப்பீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் அங்கே செய்த வேலைதான் உங்கள் கதையின் கரு. அதைப் புரிந்துகொள்ள பர்தாவின் சட்டச் சிக்கலைப் பார்க்க வேண்டும். வழக்கப்படி வெளியே வராத பெண்களை நீதிமன்றத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டமே சொன்னது. இன்றைக்கும் 132ஆம் பிரிவில் அது இருக்கிறது. நல்ல பாதுகாப்பு மாதிரித் தெரியும். நடைமுறையில் என்ன ஆகும் என்றால், சாட்சியம் பதிவு செய்ய நீதிமன்றம் அனுப்பும் கமிஷனராக ஓர் ஆண் வக்கீல் வீட்டுக்கு வருவார், திரைக்கு வெளியே உட்காருவார், உள்ளே இருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல் யாருடையது? விதவையா, மாமியாரா, கொழுந்தன் ஏற்பாடு செய்த வேலைக்காரியா? விதவையே என்றாலும், பக்கத்தில் யாராவது கையைக் கிள்ளிக்கொண்டு இருக்கிறார்களா? வெளியே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. யாரோ ஒரு சொந்தக்காரர் 'இது அவள்தான்' என்று அடையாளம் சொல்வார். அந்தச் சொந்தக்காரரே பிரதிவாதியின் ஆளாக இருக்கலாம்.

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுந்து நடக்க முடியாத ஒரு பாட்டியிடம் சாட்சியம் பதிவு செய்ய நீதிமன்றம் என்னைக் கமிஷனராக அனுப்பியது. பர்தா எதுவும் இல்லை, ஒரு சாதாரண ஓட்டு வீடு, கயிற்றுக் கட்டில். நான் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பாட்டி என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார். கதவுக்குப் பின்னால் மூத்த மகன். நான் அவரை வெளியே அனுப்பினேன். பாட்டி பேச்சை நிறுத்திவிட்டார். அன்றைக்கு நான் பதிவு செய்த சாட்சியம் சட்டப்படி ஒரு குறையும் இல்லாதது. பாட்டியின் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கூட வந்த பெண் குமாஸ்தா திரும்பும் வழியில் சொன்னார், 'சார், நீங்க தண்ணி குடிக்கப் போனப்ப அவங்க என் கையைப் புடிச்சிக்கிட்டாங்க' என்று. என்ன சொன்னார் என்று கேட்டேன். 'ஒண்ணும் சொல்லல, புடிச்சிக்கிட்டாங்க, அவ்ளோதான்.'

கார்னீலியாவால் செய்ய முடிந்ததும் ஆண் வக்கீல் எவராலும் முடியாததும் இதுதான். அவர் திரையைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தார், சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்த்தார், அறையில் யார் இருக்கும்போது அந்தப் பெண்ணின் பேச்சு மாறுகிறது என்று கவனித்தார். அப்புறம் கலெக்டருக்கு அறிக்கை எழுதினார். நாவலாசிரியராக நீங்கள் இதைவிட்டுவிட்டு நீதிபதியின் முன்னால் ஒரு நீண்ட சொற்பொழிவை வைப்பது, கையில் இருக்கும் தங்கத்தைப் போட்டுவிட்டுப் பித்தளையை எடுப்பது போல. உங்கள் உச்சக்கட்டம் அந்த அறையிலேயே நடக்கட்டும்.

சட்டமும் உங்களுக்கு உதவி செய்யும். பர்தாப் பெண் எழுதிக் கொடுத்த பத்திரம் என்றால், அவள் ஏமாந்தாள் என்று அவள் நிரூபிக்க வேண்டியதில்லை. அவளுக்குப் புரிந்துதான் கையெழுத்திட்டாள் என்று எழுதி வாங்கியவன்தான் நிரூபிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பிரிவி கவுன்சில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆகவே நீதிபதி மனம் உருக வேண்டிய தேவையே இல்லை. பத்திரத்தை யார் வாசித்துக் காட்டினார்கள், எந்த மொழியில், அவளுக்கென்று தனியாக யோசனை சொல்ல யாராவது இருந்தார்களா, கைநாட்டு வைத்தபோது அறையில் யார் யார் என்ற கேள்விகளுக்கு எதிராளியிடம் பதில் இல்லை என்றால் பத்திரம் விழுந்துவிடும். இந்தத் தகவல்களை உள்ளேயிருந்து சேகரித்துக் கொடுப்பவள் உங்கள் நாயகி. மேடையில் ஆண் வக்கீல் அதைப் பேசிப் பெயர் வாங்கிக்கொள்கிறார். அந்த எரிச்சலையும் எழுதுங்கள். கார்னீலியாவின் வாழ்க்கையில் அது நிறைய இருந்தது.

இன்னொரு திருத்தம், இது தமிழ் எழுத்தாளர்கள் அடிக்கடி செய்யும் தவறு. உங்கள் கதைச் சுருக்கத்தில் விதவை பங்காளிகளின் சம்மதத்தோடு ஒரு பையனைத் தத்தெடுக்கிறாள் என்று இருக்கிறது. அது நம் ஊர்ச் சட்டம். 1868ல் ராமநாதபுரம் வழக்கில், திராவிடப் பகுதியில் கணவன் அனுமதி கொடுத்திருக்காவிட்டாலும் பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம் என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வங்காளத்தில் அது செல்லாது. கணவன் உயிரோடு இருக்கும்போதே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அதே சமயம் வங்காளத்தில் நடந்த தாயபாகம் என்ற இந்து வாரிசு முறையில் விதவைக்கு ஓர் அனுகூலமும் உண்டு: பிள்ளையில்லாமல் இறந்தவனின் பங்கு, கூட்டுக் குடும்பமாகவே இருந்தாலும், அவன் மனைவிக்கு வரும். மிதாட்சரம் என்ற இன்னொரு வாரிசு முறை நடந்த இடங்களில் கூட்டுக் குடும்ப விதவைக்கு ஜீவனாம்சம்தான். ஆனால் வங்காள விதவைக்கும் அது ஆயுள்காலம் வரைதான். தக்க அவசியமில்லாமல் விற்க முடியாது, அவள் இறந்தபின் கணவன் வழி வாரிசுக்குப் போய்விடும். இங்கே கொழுந்தன் வருகிறான். அவள் சாகும்வரை அவன் காத்திருக்க வேண்டும், அல்லது அவளே விட்டுக்கொடுத்ததாக ஒரு பத்திரம் வேண்டும், அல்லது கணவன் எழுதிவைத்த தத்து அனுமதிக் கடிதம் காணாமல் போக வேண்டும். அந்தக் கடிதத்தைக் கதையில் நுழைத்துப் பாருங்கள். பாதி நாவல் தானாக எழுதிக்கொள்ளும்.

கைநாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வங்காளம் அதற்குப் பொருத்தமான இடம்தான். ஹெர்ஷல் என்ற அதிகாரி 1858லேயே ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கியவர். 1877ல் ஹூக்ளியில் பத்திரப் பதிவிலும் விரல் ரேகையைக் கொண்டுவந்தார். கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு 1897ல் வந்தது. ஆகவே 1906 வாக்கில் நடக்கும் கதையில் ரேகையை ஒப்பிடுவதை வைக்கலாம். ரேகை அவளுடையது என்று ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம், அவளுக்குப் புரிந்ததா என்பதை ரேகை சொல்லாது. கொழுந்தன் ரேகையைக் காட்டிக்கொண்டு நிற்கும் காட்சி நன்றாக வரும்.

இனி ஞானஸ்நானம். இதில்தான் கோபித்துக்கொள்வீர்களோ என்று கொஞ்சம் தயங்குகிறேன். 1858ல் மகாராணி விக்டோரியாவின் பிரகடனம், பிரஜைகளின் மத நம்பிக்கையில் அதிகாரிகள் தலையிடக் கூடாது என்று வெளிப்படையாகக் கட்டளையிட்டது. கார்னீலியா அரசுச் சம்பளம் வாங்கியவர். அவர் பொறுப்பில் இருந்த ஒரு ராணி கிறிஸ்தவளாகிவிட்டாள் என்று செய்தி பரவியிருந்தால், அடுத்த நாளே நூறு வீடுகளின் கதவு அவருக்கு அடைபட்டிருக்கும். வேலையும் போயிருக்கும். அந்த வீடுகள் அவரை உள்ளே விட்டதற்குக் காரணமே, இவர் நம்மை மாற்ற வரவில்லை என்ற நம்பிக்கைதான். விரதம் இருக்கும் பெண்களிடமும் குடும்பப் புரோகிதர்களிடமும் அவர் மரியாதையோடு பழகியதை அவர் எழுத்துகளில் பார்க்கலாம். கல்கத்தாவில் மகாகாளி பாடசாலையை நிறுவிய மாதாஜி தபஸ்வினியைப் பற்றி அவர் எழுதியதில் ஏளனம் துளியும் கிடையாது.

சட்டத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. மதம் மாறினால் சொத்துரிமை போகாது என்று 1850லேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே உங்கள் விதவை ஞானஸ்நானத்தால் சொத்தை இழக்கமாட்டாள். ஆனால் தத்துப்பிள்ளையோ சொந்தப் பிள்ளையோ இருந்தால் கதை வேறு. பிள்ளை தகப்பனின் மதத்தில்தான் வளர வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பொது விதி. 1871ல் ஸ்கின்னர் வழக்கில் பிரிவி கவுன்சில் அதை உறுதியாகச் சொன்னது. அந்த வழக்கில் தகப்பன் கிறிஸ்தவர், தாய் இஸ்லாத்துக்கு மாறியவர். மகளைத் தாயிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதே விதியைத் திருப்பிப் போட்டால், உங்கள் விதவை தண்ணீரில் முழுகி எழும் அன்றைக்கே கொழுந்தன் பையனைக் கேட்டு மனுப் போடலாம். ஒவ்வொரு நீதிபதியும் ஒரே மாதிரி முடிவெடுப்பார் என்று சொல்லமாட்டேன், பையனின் நலனும் பார்க்கப்படும். ஆனால் ஆபத்து நிஜம், அந்தக் காலத்து எந்த வக்கீலும் அதை எச்சரித்திருப்பார். யோசித்துப் பாருங்கள்: விதவை தானாகவே வந்து 'உங்கள் தேவனைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்கிறாள். நாயகி ஒரு போதகரின் மகள். அப்பா விசுவாசத்துக்காக வீட்டையே இழந்தவர். அவளுக்குத் தெரியும், இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் இந்தத் தாயின் பிள்ளை போய்விடலாம். அவள் என்ன சொல்வாள்? பேசாமல் இருப்பது மறுதலிப்பா, அன்பா? கிறிஸ்தவ நாவல் என்றால் என் கண்ணுக்கு இதுதான் கிறிஸ்தவ நாவல். ஞானஸ்நானக் காட்சியோடு முடிந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

நற்செய்தி ஊழியம்தான் மையமாக வேண்டுமென்றால் அதே குடும்பத்தில் வேறு ஆள் இருக்கிறார். தங்கை ஆலிஸ் மருத்துவர். வடமேற்கு எல்லையில் பன்னு ஊரில் மிஷன் மருத்துவமனை நடத்திய தியோடர் பென்னலை மணந்தவர். அது தனி நாவல்.

வேத வசனம் எங்கே வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். லூக்கா 18ல் வரும் விதவையும் அநீதியுள்ள நியாயாதிபதியும் எல்லோருக்கும் உடனே தோன்றும், அதனாலேயே வேண்டாம் என்பேன். எண்ணாகமம் 27ல் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர் மோசேயின் முன்னால் வந்து நின்று, தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் எங்களுக்குக் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். கர்த்தர் அவர்கள் கேட்பது சரி என்கிறார். பிரசங்கங்கள் அங்கேயே நின்றுவிடும். 36ஆம் அதிகாரத்தில் அதே கோத்திரத்துப் பெரியவர்கள் திரும்பி வந்து, இவர்கள் வெளிக் கோத்திரத்தில் கல்யாணம் செய்தால் நிலம் போய்விடுமே என்கிறார்கள். தீர்ப்பு திருத்தப்படுகிறது: சொந்தக் கோத்திரத்துக்குள்தான் மணக்கலாம். கொடுத்ததும் உண்மை, கட்டுப்போட்டதும் உண்மை. வங்காள விதவையின் ஆயுள்காலச் சொத்துக்கு இதைவிடப் பக்கத்தில் வரும் பகுதி வேதத்தில் எனக்குத் தெரியவில்லை. விதவை படிக்கச் சொல்லிக் கேட்கும்போது நாயகி இந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரு வக்கீலாகப் படித்துக் காட்டலாம்.

அடுத்து, எதை நம்புவது என்ற விஷயம். தேதிகள், தேர்வுகள், நியமனம் எல்லாம் ஆவணங்களில் உள்ளவை, சந்தேகம் வேண்டாம். 1934ல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றில் வரும் கதைகளை அதே தட்டில் வைக்காதீர்கள். சிறுமியாக இருந்தபோது, நம்பிய காரியஸ்தனுக்கு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்து எல்லாவற்றையும் இழந்த ஒரு குஜராத்தி விதவை அம்மாவிடம் வந்து அழுததாகவும், அதிலிருந்தே தனக்குச் சட்டத்தின் மேல் நாட்டம் வந்ததாகவும் அவர் சொல்கிறார். நடந்திருக்கலாம். ஆனால் 67 வயதில் திரும்பிப் பார்க்கும் எவரும் தன் வாழ்க்கைக்கு ஒரு நேரான தொடக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு யானைக்காக வாதாடிய கதையும் உண்டு. ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த ராஜா, தன் நாய்க்கு இந்த வக்கீலைப் பிடித்துப்போனதால் தீர்ப்புக் கொடுத்தாராம். படிக்க அருமை, சாட்சிக்கூண்டில் ஏற்றினால் குறுக்கு விசாரணையில் நிற்காது. நாவலுக்கு இரண்டையும் பயன்படுத்துங்கள், பின்னுரையில் வரலாறு என்று போடாதீர்கள்.

ஒரு சங்கடமான விஷயம் பாக்கி. கார்னீலியா பிரிட்டிஷ் ஆட்சியின் ஆதரவாளர், காந்தியை எதிர்த்தவர். 1927ல் காத்தரின் மேயோவின் இந்திய எதிர்ப்புப் புத்தகம் வந்து நாடே கொதித்தபோது அதற்கு ஆதரவாகப் பேசி, சேர்த்துவைத்த நல்ல பெயரில் பெரும்பகுதியை இழந்தார். உங்கள் சுருக்கத்தில் நாயகி சுதேசிக் கூட்டத்தில் பேசுகிறாள். அந்தக் காலத்து இந்தியக் கிறிஸ்தவர்களில் தேசியவாதிகள் இல்லாமல் இல்லை: காளி சரண் பானர்ஜி ஆரம்பக் காங்கிரஸில் இருந்த கிறிஸ்தவ வக்கீல், ஒரிசாவின் மதுசூதன் தாஸும் கிறிஸ்தவர்தான். உங்கள் நாயகி கற்பனைப் பெயர் கொண்டவள் என்பதால் அவளை அந்தப் பக்கம் நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் வேலையில் இருந்துகொண்டே 1905ல் சுதேசி மேடை ஏறுவது நடக்காது. ஏறினால் மறுநாள் வேலை இல்லை. அரசின் முத்திரை இருந்ததால்தான் அவளுக்குக் கதவுகள் திறந்தன. அந்த நன்றியும் அதிலிருந்து வரும் குருட்டுத்தனமும் சேர்ந்ததுதான் அவள் குணம். சபை வாசகர்களுக்காக அதை மழுப்ப வேண்டாம், அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். கல்யாணத்தில் முடிக்கவும் வேண்டாம். கார்னீலியா மணம் செய்துகொள்ளவில்லை, 1954ல் லண்டனில் இறந்தார்.

திருத்த வேண்டியதைச் சுருக்கமாகக் கேட்டால்: வருஷத்தை 1906 ஆக்குங்கள், கல்கத்தா உயர் நீதிமன்றத்தை எடுத்துவிட்டு மொஃபசலில், அதாவது தலைநகருக்கு வெளியே உள்ள ஊர்ப்புறத்தில், ஒரு ஜமீன் வீட்டைப் போடுங்கள், அங்கியைத் தொலைத்துவிடுங்கள். திரைக்கு உள்ளே நடக்கும் அந்த ஒரு அத்தியாயத்தை எழுதி முடித்ததும் இங்கேயே பதில் போடுங்கள், சட்டப் பிழை இருந்தால் மட்டும் பார்த்துச் சொல்கிறேன். கையைப் பிடித்துக்கொண்ட பாட்டியை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.